உடம்பு சொல்லாததை எண் சொல்லும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து மாணவர்கள் கலைந்துவிட்டனர். முதலாண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் மட்டும் தயங்கி நின்றான். அவன் தந்தை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்ப்பவர். மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை அவன் என்னிடம் நீட்டினான்.

"சார், அப்பாவோட ரத்தப் பரிசோதனை. பத்தின் அடுக்கு ஏழுன்னு போட்டிருக்காங்க. இது நல்லதா, கெட்டதா?"

காகிதத்தில் இருந்தது இதுதான்: ஹெபடைட்டிஸ் பி வைரஸ் டி.என்.ஏ., ஒரு மில்லிலிட்டருக்கு 3.2 × 10⁷ பன்னாட்டு அலகுகள். அதாவது மூன்று கோடியே இருபது லட்சம்! அதற்கு 14 மாதங்களுக்கு முன் எடுத்த இன்னொரு காகிதமும் அவனிடம் இருந்தது. அதில் எண்ணே இல்லை. 'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் அச்சிட்டிருந்தது.

"இடையில் என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு சார். ஒரு தொந்தரவும் இல்ல, நல்லாத்தானே இருக்கேன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் வேற போயிடும்."

மருத்துவரை மறுநாளே பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மாத்திரை பற்றி முடிவு செய்வது மருத்துவரின் வேலை; இயற்பியல் ஆசிரியனின் வேலை அன்று. ஆனால் அந்த எண் எப்படிக் கிடைத்தது, அது ஏன் அப்படி உயர்ந்தது என்பவை அறிவியல் மாணவர் எவரும் புரிந்துகொள்ளக் கூடியவை. பெயரைக் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ள அவர்கள் இசைந்ததால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஓசையின்றி வாழும் விருந்தாளி

கல்லீரல் நோய் என்றதும் நம் ஊரில் மஞ்சட்காமாலையைத்தான் நினைப்பார்கள். கண் மஞ்சளாகும், சிறுநீர் நிறம் மாறும், பசி போய்விடும். ஆனால் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோய் பெரும்பாலும் இந்த அடையாளங்கள் எதையும் காட்டுவதில்லை. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் அவை உள்ளன. ஆகவே உள்ளே பல ஆண்டுகளாகச் சேதம் நடந்துகொண்டிருந்தாலும் அந்த மனிதர் ஆலையில் இரவு நேர வேலை பார்ப்பார், பண்டிகைக்கு ஊருக்குப் போவார், நன்றாக உறங்குவார். கடைசியில் கல்லீரல் சுருங்கிய பிறகோ அதில் புற்றுநோய் தோன்றிய பிறகோதான் உடம்பு வாய் திறக்கும்.

இந்த வைரஸ் 42 நானோமீட்டர் விட்டமுடைய ஓர் உருண்டை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 24,000 வைரஸ்களை வரிசையாக வைக்கலாம். இதன் மேலுறைப் புரதத்தை முதன்முதலில் கண்டவர் அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பர்க். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் இது கிடைத்ததால் 1965-இல் இதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார். 1976-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். மருத்துவத்துக்கு வருமுன் அவர் பட்டம் பெற்றது இயற்பியலில் என்பதை நான் மாணவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் நாளே உலக ஹெபடைட்டிஸ் தினமாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2022-இல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேரிடம் இந்த நாட்பட்ட தொற்று இருந்தது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர். உலக அளவில் இவர்களுள் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். சிகிச்சை பெறுபவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான்.

ரத்தம், பாதுகாப்பற்ற ஊசி, உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளில் இது பரவும். பிறக்கும்போது தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் அது நிலைத்துவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே நிலைக்கும். கைகுலுக்குவதாலோ, ஆலை உணவுக்கூடத்தில் ஒரே தட்டில் உண்பதாலோ, ஒருவர் பிடித்த சுத்தியலை இன்னொருவர் பிடிப்பதாலோ இது பரவாது. ஆகவே உடன் வேலை செய்பவருக்கு இந்நோய் என்று தெரிந்து விலகி நிற்பதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. அந்த மாணவனின் தந்தை மாத்திரைப் புட்டியை வேலையிடத்தில் எவரும் பார்த்துவிடக் கூடாதென்று அஞ்சினார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஒளி மங்கும் வேகம்

வலி சொல்லாததை அறிய மருத்துவர் நான்கு வகை அளவீடுகளை நாடுகிறார். முதலாவது, கல்லீரல் செல்கள் உடைகின்றனவா என்பது.

கல்லீரல் செல்லுக்குள் ஏ.எல்.டி. என்னும் நொதி உள்ளது. செல் உடைந்தால் அது ரத்தத்தில் கசியும். அதை அளப்பது எப்படி? ரத்த நீருடன் சில வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். அவற்றுள் ஒன்று 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை விழுங்கும் தன்மையுடையது. ஏ.எல்.டி. தொடங்கிவைக்கும் வினையில் இந்தப் பொருள் சிறிது சிறிதாகச் செலவாகும். செலவாகச் செலவாக, குழாய் வழியே கடந்து செல்லும் ஒளி கூடிக்கொண்டே போகும். ஒளி உட்கவர்தல் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அவ்வளவு நொதி ரத்தத்தில் உள்ளது என்று பொருள்.

ஏ.எல்.டி. உயர்ந்தால் கல்லீரலில் தீ எரிகிறது என்று கொள்ளலாம். ஆனால் எதனால் எரிகிறது என்று இந்த எண் சொல்லாது. மதுவாலும் உயரும், கொழுப்பு படிந்தாலும் உயரும். ஆகவே அடுத்த அளவீடு தேவைப்படுகிறது.

இரட்டித்து எண்ணுதல்

வைரஸை நேரடியாக எண்ண முடியுமா? முடியும். அதற்கு வழி வகுத்தது கேரி முல்லிஸ் 1983-இல் கண்ட பாலிமரேஸ் தொடர்வினை. இதற்காக 1993-இல் வேதியியல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

சதுரங்கக் கட்டங்களில் நெல்மணிகளை இரட்டித்து வைத்த கதையைக் கேட்டிருப்பீர்கள். இங்கும் அதே கணக்குதான். ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் டி.என்.ஏ. இரட்டிக்கப்படுகிறது. 10 சுற்றில் 1,024 மடங்கு. 30 சுற்றில் 107 கோடி மடங்குக்கு மேல்! ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்திருப்பதால், டி.என்.ஏ. போதுமான அளவு பெருகியதும் கருவி அந்த ஒளியைக் காணும். ஒருவர் ரத்தத்தில் 18-ஆவது சுற்றில் ஒளி தெரிகிறது, மற்றொருவர் ரத்தத்தில் 28-ஆவது சுற்றில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னவரிடம் 1,024 மடங்கு வைரஸ் கூடுதலாக இருந்தது என்பது உடனே விளங்கும் அல்லவா?

இந்த எண்கள் பத்து, இருபதிலிருந்து பல கோடி வரை விரிவதால் மருத்துவர்கள் மடக்கையில் பேசுகிறார்கள். 3.2 × 10⁷ என்பதன் மடக்கை 7.5. மாத்திரை தொடங்கி அது 4.5 ஆனால் வைரஸ் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். எட்டிய மிகக் குறைந்த எண்ணிலிருந்து மடக்கை 1 உயர்ந்தால், அதாவது பத்து மடங்கானால், அது அபாய அறிவிப்பு. நோயாளி மாத்திரையை விட்டிருக்கலாம். அல்லது வைரஸ் தன் உருவை மாற்றி மருந்துக்கு அடங்காமல் போயிருக்கலாம்.

இந்த இரண்டாவது ஆபத்து கற்பனையன்று. 1998-இல் லாமிவுடின் என்னும் மாத்திரை இந்நோய்க்கு வந்தபோது பெரும் மகிழ்ச்சி நிலவியது. ஐந்து ஆண்டுகள் உண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் வைரஸ் அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் இது தெரியவந்தது. இன்று பயன்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மருந்துகளை எதிர்க்க வைரஸ் மிகவும் திணறுகிறது.

செங்கல்லும் அச்சும்

'கண்டறியப்படவில்லை' என்று வந்த பிறகும் ஏன் மாத்திரை? மாணவனின் தந்தை கேட்டதும் இதே கேள்விதான்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் மண்ணை அடித்து அடித்துக் கல் அறுப்பார்கள். அறுத்த கல்லை எல்லாம் உடைத்துவிட்டால் களம் வெறுமையாகும். ஆனால் அச்சு இருக்கும்வரை மறுநாளே மீண்டும் கல் அறுக்கலாம். வைரஸும் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வட்ட வடிவ டி.என்.ஏ. ஒன்றை அச்சாக வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர் புதிய வைரஸ் டி.என்.ஏ. கட்டப்படும்போது இடையில் புகுந்து சங்கிலியை அறுத்துவிடும். ஆனால் அச்சை அதனால் தொட முடியாது.

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்தக் கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது. ரத்தத்தில் மிதக்கும் வைரஸின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். தொற்றிய கல்லீரல் செல்களின் அரை ஆயுள், ஆளுக்கு ஆள் வேறுபட்டு, 10 நாள் முதல் 100 நாளுக்கு மேலும் இருப்பதாக 1996-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. ஆகவே மாத்திரை தொடங்கியதும் எண் முதலில் சரசரவென்று இறங்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். அச்சோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். மாத்திரையை நிறுத்தியதும் எண் ஏன் மீண்டும் ஏறியது என்பது இப்போது விளங்குகிறதா? சிலருக்கு அந்த ஏற்றத்தோடு கல்லீரலில் கடும் அழற்சி வந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதைவிடத் தவறான செயல் இந்நோயில் வேறில்லை.

வைரஸின் மேலுறைப் புரதமும் ரத்தத்திலிருந்து மறைந்தால் பொதுவாக மாத்திரையை நிறுத்தலாம். மருந்து உண்பவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவுக்கே அந்த நல்வாய்ப்பு கிட்டுகிறது. தொற்றுள்ள எல்லாருக்கும் மாத்திரை வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.எல்.டி., வைரஸ் எண், கல்லீரலின் நிலை மூன்றையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை வேண்டாதவர்களுக்கும் கண்காணிப்பு வேண்டும்.

தட்டிப் பார்க்கும் கருவி

மூன்றாவது அளவீடு, கல்லீரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பது. பழுத்த மாம்பழத்தையும் காயையும் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவோம். தழும்பு விழுந்த கல்லீரலும் காய் போல விறைத்துவிடும். விலா எலும்புக்குள் இருப்பதை எப்படி அழுத்துவது?

ஃபைப்ரோஸ்கேன் என்னும் கருவி விலாவின் மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுகிறது. அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதுதான். அந்தத் தட்டு கல்லீரலுக்குள் ஒரு குறுக்கலையாகப் பரவுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும் மீயொலியை அதன் பின்னாலேயே அனுப்பி, குறுக்கலை எங்கே இருக்கிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். குறுக்கலையின் வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். நாம் நடக்கும் வேகம்.

விறைப்பைக் கணக்கிடும் விதி எளியது. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, மேலும் மூன்றால் பெருக்க வேண்டும். அடர்த்தி தண்ணீரைப் போலவே, ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். வேகம் வினாடிக்கு 1.3 மீட்டரானால் விறைப்பு ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். இது நலமான கல்லீரல். வேகம் 2 மீட்டரானால் 12 கிலோபாஸ்கல். சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் வாசலில் நிற்கிறது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இச்சோதனை பயன்படாது. ஏன்? குறுக்கலை நீர்மத்தின் வழியே பரவாது என்ற பாடத்தை நினைவுகூருங்கள்.

இக்கருவி இல்லாத ஊரிலும் வழி உண்டு. சாதாரண ரத்தச் சோதனை இரண்டு போதும். ஏ.எஸ்.டி. நொதியின் அளவை அதன் இயல்பு உச்சவரம்பால் வகுத்து, நூறால் பெருக்கி, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையால் (ஆயிரங்களில்) வகுக்க வேண்டும். ஏ.எஸ்.டி. 80, உச்சவரம்பு 40, தட்டணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1 லட்சம், அதாவது 100 ஆயிரம் என்றால் விடை 2. இது 1-ஐத் தாண்டினால் சிரோசிஸ் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது.

நான்காவது, மருந்தையே கண்காணிப்பது. டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைக் குறித்த காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு, சிரோசிஸ் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை மீயொலிப் படமும் எடுப்பார்கள். கல்லீரலில் கட்டி தோன்றினால் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதற்காக.

கீழாநெல்லி கற்பித்த பாடம்

"கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதாதா?" என்று உங்கள் வீட்டில் யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. இதைச் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், முன்பு கூறிய புளும்பர்க்குடன் சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இது தொடக்க ஆய்வுதான், மேலும் சோதிக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருந்தனர். அவ்வாறே தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிறர் சோதித்தனர். அங்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம்பத்தக்க சான்று இல்லை என்பதே பிற்கால மதிப்பீடுகளின் முடிவு.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் மூலிகையை நம் ஊர் அறிஞர்கள் நம்பிக்கையால் எடைபோடவில்லை. ஒப்பீட்டுக் குழு வைத்து அளந்தார்கள், பிறர் சரிபார்க்க வழிவிட்டார்கள். அறிவியலின் முறை அதுவே. மஞ்சட்காமாலை பல நேரங்களில் தானாகவே தணியும் நோயாதலால், எதைக் குடித்தாலும் குணமானது போலத் தோன்றும். நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி அப்படித் தணிவதில்லை. எண்ணைப் பார்க்காமல் அதில் எதையும் நம்ப முடியாது.

ஒரு வரைபடம்

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின் கீழ் இந்நோய்க்கான சோதனையும் மருந்தும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயில் ஏறினால் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. எட்டாதது அந்த ஒரு நாள் கூலிதான். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் சோதனைக்கென்று விடுப்புத் தர ஆலைகள் மனம் வைத்தால், ஒரு தொழிலாளியின் இருபது ஆண்டு உழைப்பு காப்பாற்றப்படும்.

உங்கள் தலைமுறைக்கு நல்ல செய்தியும் உண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமானது. அந்த ஐந்தில் ஹெபடைட்டிஸ் பி ஒன்று. உங்களில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே அதைப் பெற்றிருப்பீர்கள். உங்கள் பெற்றோர் பெறவில்லை. ஆகவே அவர்கள் ஒருமுறையேனும் ரத்தம் சோதித்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். வீட்டில் யாரேனும் மாத்திரை உண்பவராக இருந்தால் அடுத்த சோதனை நாளை நாட்காட்டியில் நீங்களே குறித்து வையுங்கள்.

அந்த மாணவன் அப்படித்தான் செய்தான். மருத்துவர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார். கூலி போனாலும் போகட்டுமென்று தந்தையை மகனே ரயிலில் அழைத்துச் சென்றான். எண்களை மடக்கையாக்கி ஒரு வரைபடத் தாளில் குறித்தான். தொடக்கத்தில் 7.5, மூன்றாம் மாதம் 4.4, ஆறாம் மாதம் 2.6. ஓராண்டு முடிவில் மீண்டும் 'கண்டறியப்படவில்லை'. முதலில் செங்குத்தாக, பிறகு சாய்வாக இறங்கும் அந்தக் கோட்டைத் தந்தையிடம் காட்டி விளக்கினானாம்.

நன்றாக இருந்தபோதும் அவர் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. எண் மூன்று கோடியைத் தாண்டியபோதும் சொல்லவில்லை. இப்போதும் சொல்வதில்லை. மாத்திரையை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அந்த வரைபடத் தாள் அவர்கள் வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்த புள்ளிக்கான இடம் அதில் காலியாக இருக்கிறது.